இழைப்புளியின் பிடி

அந்தப் பிடி தச்சரின் கைக்கு முதல் நாளே பொருந்திவிட்டது. அதுதான் அவருக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்தவன் பழகிய கருவி அவ்வளவு சீக்கிரம் புதுக் கையை ஏற்காது. பழைய தச்சுக் கருவிகளைச் சீராக்கி, சேகரிப்பவர்களுக்கு விற்பதுதான் அவர் பிழைப்பு. இரண்டு கொப்புளமாவது கொடுத்த பிறகே எதுவும் இணங்கும். பழைய இரும்புக் கடைக் குவியலிலிருந்து வந்த இந்த இழைப்புளியோ, துரு நீங்கி எண்ணெய் குடித்து, சாயங்கால வெளிச்சத்தில் மேசைமேல் கிடந்தது. தொட்டதும் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது. ஓரிடம் தவிர. மரப்பிடியில் நடுவிரலுக்குத் தேய்ந்த பள்ளம் இருந்தது, சுண்டுவிரலுக்கும் இருந்தது. இடையில், மோதிர விரல் படிய வேண்டிய இடம் மட்டும் தேயாமல், கூரான மேடாக நின்றது.

“இதை வச்சிருந்த ஆளுக்கு மோதிர விரல் இல்ல போலிருக்கு,” என்றார் மனைவியிடம்.

“அந்த மேட்டை அரத்தால ராவிடுங்களேன். கையைக் கிழிக்கப் போகுது.”

“அடி போடி. துருவை எடுக்கலாம், கைத்தடத்தை எடுக்கலாமா? அது போனா இது வெறும் இரும்பு.”

“ஆமா, இரும்புக்கு இருக்கிற மரியாதை கட்டின பொண்டாட்டிக்கு இல்ல. உங்க கைதாங்க நமக்குச் சோறு, பாத்துக்கோங்க.”

அவர் இழைப்புளியைக் கையில் எடுத்தார். சில மாதங்களாகவே உடம்பு ஈரச்சாக்குபோலக் கனத்தது. ஒரு பலகையில் ஓட்டிப் பார்த்தார். இழைப்புளி தானாகப் போனது. கை அதன் பின்னால் போனது. ‘ஸ்ஸ்ர்க்’ என்ற நீண்ட ஓசை, யாரோ நிம்மதியாக மூச்சுவிடுவதுபோல. மெல்லிய சுருள்கள் காலடியில் உதிர்ந்தன. மரவாசனையின் அடியில் வேறொரு வாசனை, பழைய வியர்வை. அவருடையதல்ல.

மறுநாள் மோதிர விரல் மரத்துப்போனது. ராவியிருக்கலாம். ராவவில்லை. நாற்பது வருடம் காத்த நியாயத்தை ஒரு விரலுக்காக விட மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் பொழுது சாயும்போது பிடியிலிருந்து கையை எடுத்தார். பார்த்தார்.

“இங்க வா!” கத்தினார். “விரலு... என் விரலைக் காணோம்!”

மனைவி பதறி ஓடிவந்தாள். கையைப் பிடித்துப் பார்த்தாள். ரத்தமில்லை. காயமில்லை. பல வருடம் முன்பே ஆறிப்போன வழவழப்பான தோல். அவள் சிரித்துவிட்டாள்.

“ஏங்க, உயிரே போயிடுச்சு எனக்கு! கல்யாணத்தன்னைக்கு மோதிரத்தை எந்த விரல்ல போடறதுன்னு எங்கம்மா முழிச்சாங்களே, மறந்துட்டீங்களா? வேலை போதும், படுங்க.”

அவள் உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் பாத்திரங்கள் ஒலித்தன. வழக்கம்போல.

இடக்கையில் அரத்தை எடுத்தார். இப்போதாவது ராவிவிட வேண்டும். குனிந்து பிடியைத் தடவினார்.

மேடு அகன்றிருந்தது. சுண்டுவிரலுக்கான பள்ளத்தைக் காணோம். நேற்று அறுத்த மரம்போல, அந்த இடமும் கூராக நின்றது.

இடக்கையிலிருந்து அரம் நழுவியது. வலக்கை ஏற்கெனவே பிடிமேல் இருந்தது. அவர் வைக்கவில்லை.

விரிக்க முயன்றார். விரியவில்லை.

ஸ்ஸ்ர்க்.

பலகைமேல் அவர் கையை இழுத்துக்கொண்டு இழைப்புளி மெல்ல நகர்ந்தது.