துவைக்காத கூரை

ரப்பர் பாலை ஆறு முறை பூசி, மூன்று நாள் புகையூட்டி உலர்த்திய பிறகும், காரின் கூரைத் துணியிலிருந்து மனித வியர்வையின் வாடை போகவில்லை. தோட்டத்துக் கணக்கரான கிராணி இராஜமாணிக்கம் துணியருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். பாலின் புளித்த நாற்றமும் புகையின் கரிப்பும் மேலே இருந்தன. அவற்றுக்குக் கீழே, நாள் முழுதும் மரம் சீவிவிட்டு வந்தவன் பக்கத்தில் நின்றால் வீசுமே, அந்த வாடை, இப்போதுதான் உடம்பிலிருந்து களைந்து போட்டதைப்போல் இளஞ்சூட்டோடு இருந்தது.

மலாயாவில், கோலா பிலாவுக்கு அப்பால் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை, ஜப்பானியர் வருமுன்பே சிங்கப்பூருக்கு ஓடிவிட்டார். மடக்குக் கூரை கொண்ட அவருடைய கார் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகக் கொட்டகையில் கிடந்தது. இருக்கைத் தோலை எலிகள் தின்றிருந்தன. கூரையோ வளைவுக் கம்பிகளில் கந்தலாய்த் தொங்கியது. தோட்டத்தை இப்போது ஆளும் ஜப்பானிய அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, பத்தே நாளில் புதுப்பிக்கும்படி கட்டளையிட்டார். உள்ளே ஒரு சொட்டு மழை விழுந்தாலும் அடுத்த சயாம் ரயிலில் கிராணியே போகட்டும் என்றும் சொல்லிவிட்டார். சயாமுக்குப் போனவர்கள் காய்ச்சலிலும் பட்டினியிலும் செத்தார்கள் என்பது கிராணிக்குத் தெரியும். நாளைக் காலை கெடு முடிகிறது.

இருக்கை வேலை எளிதில் முடிந்தது. துரைசானியின் தையல் இயந்திரத்தில் பழகிய வள்ளியம்மா, சுருள்கம்பிகளைச் சணல் கயிற்றால் இழுத்துக் கட்டி, இலவம் பஞ்சை அடைத்து, பங்களா மெத்தையின் உறையை வெட்டிப் போர்த்தினாள். கூரைக்குத்தான் துணி கிடைக்கவில்லை. தோட்டமே கோணி உடுத்திக்கொண்டிருந்த 1944ஆம் ஆண்டு அது. கோணியில் பால் பூசினால் கண்ணிகளின் வழியே ஒழுகிற்று.

ஆனால், தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பதினொரு வீடுகளில் வேட்டி இருந்தது. சயாமில் ரயில் பாதை போடப் போனவர்கள் புறப்பட்ட அன்று களைந்து போட்ட வேட்டிகள். தொலைதூரம் போனவன் களைந்த துணியை அவன் திரும்பும்வரை துவைக்கக் கூடாது என்பது அந்த லயத்து வழக்கம். துவைத்தால், அவன் இனி இல்லை என்று ஒப்புக்கொண்டதாகும்; துவைக்காதவரை அந்தத் துணியைத் தேடி அவன் வந்தே தீருவான். பெண்கள் தாங்கள் கோணியில் உடம்பைச் சொறிந்துகொண்டு கிடந்தார்களே தவிர, அந்த வேட்டிகளைத் தொடவில்லை. மூன்றே மாதத்தில் திரும்பிவிடுவார்கள் என்று சொல்லி அந்த ஆண்களை அனுப்பியவர் கிராணிதான். முறை வைத்து அனுப்பவில்லை. அரிசிப் பங்கீடு ஏன் குறைகிறது என்று தம்மைக் கேட்கத் துணிந்த பதினொருவரையே பொறுக்கி அனுப்பினார். முதலில் கேட்டவன் வள்ளியம்மாவின் கணவன் அர்ச்சுனன்.

வேட்டிகளைப் பறித்து வந்து அவள் முன் போட்டபோது அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"தொவச்சுக் குடுத்துடுறோம் கிராணி ஐயா. பதினோரு பொம்பளைங்களும் பேசி முடிச்சுட்டோம். ஒரு நாளு பொறுங்க, அழுது தீத்துடுறோம்."

"இந்த மழையில எப்பக் காயிறது? அழுவுறத அப்புறம் வச்சுக்க. அப்படியே தை."

"தொவைக்காமயா?"

"பாலு பூசிட்டா எல்லாம் ஒண்ணுதான்லா."

அவள் மேலே கிடந்த வேட்டியை எடுத்து மடியில் விரித்தாள். பிறகு ஊசியில் நூலைக் கோத்தாள்.

மாலை நான்கு மணிக்கு மழை பிடித்தது. ஒழுகுகிறதா என்று சோதிக்க, காரைக் கொட்டகைக்கு வெளியே தள்ளச் செய்து, ஆட்களை அனுப்பிவிட்டு, கிராணி பின்னிருக்கையில் ஏறி அமர்ந்தார். வள்ளியம்மா வெளியிலிருந்து பக்கத் திரைகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். உள்ளே பழுப்பு வெளிச்சம். மழை கூரைமேல் பறை அடிப்பதைப்போல் விழுந்தது. விரலால் தையல்களைத் தடவிக்கொண்டே போனார். வறண்டிருந்தன. வேட்டியும் வேட்டியும் சேரும் இடங்கள், ஆணி இறங்கிய ஓரங்கள், கம்பி தொடும் மடிப்புகள், எல்லாம் வறண்டிருந்தன. கிராணி பத்து நாளில் முதல் முறையாக முதுகைச் சாய்த்தார்.

அப்போதுதான் கூரை தொய்ந்திருப்பதைக் கண்டார். நேற்று விரலால் சுண்டினால் ஒலித்த துணி, இப்போது தலைக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கியது. மழைநீர் தேங்கியிருக்கும் என்று எண்ணி, இரு கைகளாலும் மேலே தள்ளினார். தண்ணீர் தளும்பவில்லை. துணிக்கு அப்பால் கெட்டியான ஒன்று இருந்தது. உருண்டையாக. தோள்மூட்டைப்போல. அது அசைந்து கொடுத்தது.

கையை இழுத்துக்கொண்டார். உதட்டில் ஒரு சொட்டு விழுந்தது. வெதுவெதுப்பாக. நாக்கால் தொட்டார். உப்பு.

அவருக்கு அருகில் சுருள்கம்பி முனகியது. சணல் கயிறு இழுபடும் ஓசை கேட்டது. யாரும் அமராத இடத்தில் இருக்கை மெல்லப் பள்ளமாகியது. பிறகு முன்னிருக்கை. பிறகு அவருடைய மறுபக்கம். இரு தொடைகளிலும் குளிர்ந்த, மெலிந்த எலும்புகள் நெருக்கின.

"வள்ளியம்மா. தெரையை அவுத்துவிடு."

வெளியே அவள் பேசிக்கொண்டிருந்தாள். அவரோடு அல்ல. வேலை முடிந்து வீடு திரும்பியவனிடம் பேசுவதைப்போலத் தாழ்ந்த குரலில், மழையினூடே.

"ஆமாங்க. உள்ளதான் இருக்காரு. உங்க வேட்டியும் அங்கதான் இருக்கு. எல்லாரும் எடுத்து உடுத்திக்குங்க."

கூரை இறங்கியது. நூல் அறுமென்று காத்திருந்தார். அறவில்லை. அவள் தையல் உறுதியானது. துணி தலையைத் தொட்டது. காதுகளை மூடியது. பால் இளகி, தோலில் ஒட்டிற்று. நெற்றி. இமை. மூக்கு. கத்தினார். துணி வாய்க்குள் புகுந்தது. புகையிலை வாடை. காய்ச்சல் வாடை. சேறு. யார் யாருடைய வாடை என்பது அவருக்குத் தெரிந்தது. ஒவ்வொருவனாகத் தெரிந்தது.

மூச்சை இழுத்தார். வரவில்லை.

மறுபடியும் இழுத்தார்.

மார்பு அடங்கியது. மழையும் விட்டது. முகத்தில் ஒட்டிய துணி மட்டும் உப்பியது, தாழ்ந்தது, உப்பியது. பதினொரு நெஞ்சுகள் அவர் வாய்வழியே நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.