கேக் உப்பாத வாரங்கள்

நிதானம் என்று ஊரே பெயர் வைத்த துப்பறிவாளருக்கு அவசரக்காரர்கள்தான் வாடிக்கையாளர்களாக வாய்ப்பார்கள். அன்று காலை வந்த நர்ஸ் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

“சார், எழுதிக் குடுத்த அளவுக்கு மேல நான் ஒரு மாத்திரை கூடக் குடுக்கல. அத நிரூபிக்க வழி இருந்தா சொல்லுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க, எந்திரிச்சுப் போயிடறேன்.”

“மொதல்ல உக்காருங்கம்மா. எந்திரிக்கறதப் பத்தி அப்புறம் பேசலாம்” என்றார் நிதானம்.

தண்ணீர் கொண்டுவந்து வைத்த மச்சினன் நகரவில்லை. நிதானத்தின் மனைவிக்குத் தம்பி அவன். துப்பறியும் அலுவலகத்தில் அவனுக்கு என்ன வேலை என்று அக்காவுக்கும் தெரியாது, அத்தானுக்கும் தெரியாது. ஆனால் ஒரு கேஸ் வந்துவிட்டால் போதும், சோறு தண்ணி மறந்துவிடுவான்.

நர்ஸ் ஒரு ஏஜென்சி மூலமாக வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவள். ஒரு பேக்கரி முதலாளியை அவள் பொறுப்பில் விட்டிருந்தார்கள். மனைவியை இழந்தவர், மகனோடு கடைக்கு மேல் மாடியில் வசிப்பவர். இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிற நோய்.

“அவருக்குக் குடுக்கற மாத்திரை, இதயத் தசைக்குள்ள சோடியம் நுழையற வாசலக் கொஞ்சம் அடைக்கும் சார். அப்பத்தான் ஓட்டம் அடங்கும். அளவா இருந்தா அது மருந்து. உடம்புல மிஞ்சிடுச்சுன்னா அதே துடிப்பக் கெடுத்துடும். அதனால நாடி பாக்காம, பிரஷர் பாக்காம நான் குடுக்கறதே இல்ல. பொடிக்கக் கூடாது, முழுசா முழுங்கணும். முழுங்கற வரைக்கும் பக்கத்துலயே நிப்பேன். வயித்து அமிலத்தக் குறைக்கற மாத்திரை, டானிக் எதுவும் கூடாதுன்னு மொத நாளே சொல்லிட்டேன். அப்பாவும் மகனும் அப்படி எதுவும் இல்லன்னுதான் சொன்னாங்க.”

“அப்புறம் என்ன ஆச்சு?”

“போன வாரம் காதுல மணி அடிக்குதுன்னார். முகம் வெளுத்துப் போச்சு, பேப்பர்ல எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னார். நாடி விட்டு விட்டு அடிச்சுது. அன்னைக்கு மாத்திரைய நிறுத்திட்டு டாக்டருக்கு ஃபோன் போட்டேன். மருந்து மிஞ்சியிருக்கும்போல, உடனே கூட்டிட்டு வரேன்னு சொன்னது நான்தான். ரத்தத்துல பாத்தா மருந்து ரொம்ப அதிகம். மகன் திரும்பி என்னப் பாத்து, மருந்து குடுக்கறது நீதானேன்னு கேட்டார்.”

மச்சினன் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினான்.

“ஏஜென்சில என்ன நிறுத்தி வச்சிருக்காங்க. நாளைக்குப் பேர அடிச்சிடுவாங்க. அதுக்கப்புறம் எந்த வீட்டுலயும் என்ன உள்ள விட மாட்டாங்க. அது ஒரு பக்கம் இருக்கட்டும் சார். அவர நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறாங்க. அதே மருந்த கொஞ்சம் குறைச்சுத் தொடரப் போறாங்க. அதே வீடு. என்ன காரணம்னு தெரியாம அனுப்பினா திரும்பவும் மிஞ்சும். அந்த மனுஷன் தாங்க மாட்டார்.”

தன் வேலை போகிற நேரத்தில் நோயாளியைப் பற்றிக் கவலைப்படுகிறவள் பொய் சொல்ல வந்தவளாகத் தெரியவில்லை. நிதானத்துக்கு அது பிடித்துப்போனது. ஆனால் பிடித்துப்போவது சாட்சி ஆகாது என்பதும் அவருக்குத் தெரியும்.

“அதிகமாக் குடுக்காமலேயே மருந்து உடம்புல மிஞ்ச வழி உண்டா?”

“உண்டு சார். வெளியில போறது குறைஞ்சா மிஞ்சும். சிறுநீரகம் சரியா இருக்கான்னு பாத்துட்டாங்க, நல்லா இருக்கு.”

நிதானம் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். அவருடைய அகராதியில் அதற்குப் பெயர் பரபரப்பு.

மதியம் பேக்கரியில் கூட்டம் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் ரொட்டிகள், பன்கள், வெண்ணெய்த்தாளில் சுற்றிய கேக் துண்டுகள். மகன் கல்லாவில் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்து பல நாளான முகம். நர்ஸின் பேச்சை எடுத்ததும் சிவந்துபோனான்.

“அவங்களுக்காக வந்திருந்தீங்கன்னா திரும்பிப் போயிடுங்க சார். எனக்கு இருக்கறது ஒரே அப்பா. ராத்திரி வயித்துல எரியுதுன்னு புரண்டு புரண்டு படுப்பார். நான்தான் முழிச்சிருந்து முதுகத் தடவி விடுவேன். கண்ணுல வச்சுப் பாத்துக்கிட்டேன். வந்து போறவங்க கையில ஒப்படைச்சதுக்கு இதுதான் பலன்.”

“எரிச்சலுக்கு ஏதாவது மருந்து குடுத்தீங்களா?”

“வேற மருந்தே கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. அந்த விஷயத்துல நான் ரொம்பக் கறார். ஒரு மருந்தும் குடுக்கல.”

மாடியில் அப்பாவின் அறையை மகன் பூட்டியபடியே வைத்திருந்தான். ஆம்புலன்ஸ் வந்த அன்று கலைந்த போர்வை அப்படியே கிடந்தது. ஜன்னல் ஓரத்தில் ஒரு டம்ளர், அதன் அடியில் காய்ந்துபோன வெள்ளைப் படிவு. மச்சினனின் கண்கள் விரிந்தன. நிதானம் திரும்புவதற்குள் விரலால் வழித்து நாக்கில் வைத்துவிட்டான்.

“உப்புக் கரிக்குது அத்தான்.”

“விஷமா இருந்தா உங்க அக்காவுக்கு நான் என்னடா பதில் சொல்றது?” என்றார் நிதானம். பிறகு அந்த டம்ளரைக் கைக்குட்டையில் சுற்றி அவனிடமே கொடுத்தார். “கழுவாம வச்சுக்க.”

அடுப்பறையில் கேக் மாஸ்டர் தட்டுகளுக்கு நெய் தடவிக்கொண்டிருந்தார். பேச்சு கொடுத்ததும் மனிதர் வேறு ஒரு துக்கத்தைக் கொட்டினார்.

“முதலாளிக்கு உடம்பு முடியாமப் போன நேரம், என் கைக்கும் கேடு காலம் சார். கேக் உப்பவே இல்ல. நடுவுல குழி விழுந்து செங்கல்லு மாதிரி கெடக்கும். அடுப்பு மெக்கானிக்க வரச் சொல்லிப் பாத்தேன், மாவு கடைய மாத்திப் பாத்தேன். கை போச்சு, வீட்டுல உக்காந்துட வேண்டியதுதான்னு நெனச்சேன்.”

“இப்ப?”

“முதலாளி ஆஸ்பத்திரிக்குப் போனதுலேர்ந்து பஞ்சு மாதிரி வருது. சொல்லவே கூச்சமா இருக்கு.”

மச்சினன் அத்தானின் முழங்கையை இடித்தான். நிதானம் கண்டுகொள்ளாமல் கேட்டார்: “மாவு எப்பக் கலப்பீங்க?”

“விடியற்காலைல. ஆனா அந்த நேரத்துல கண்ணு பாதி தூக்கத்துல இருக்கும், அளவு தப்பிடும். அதனால சாயங்காலமே எல்லாத்தையும் அளந்து கிண்ணத்துல போட்டு மூடி இந்த மேசை மேல வச்சிடுவேன். மூட்டை, டப்பா எல்லாம் ஸ்டோர் ரூம்ல. பூட்டிச் சாவிய எடுத்துட்டுப் போயிடுவேன்.”

வெளியே வந்ததும் மச்சினன் அடக்க முடியாமல் கொட்டினான். “மாஸ்டர்தான் அத்தான். முதலாளி போனதும் கேக் உப்புது. ஆளு குஷியா இருக்கார். அந்த டம்ளர்ல என்னமோ கலந்திருக்கார்.”

“கேக் உப்பாததுக்காக ஒருத்தர் முதலாளியக் கொல்லப் பாப்பாரா?”

மச்சினன் யோசித்தான். “அது கொஞ்சம் இடிக்குது.”

“கேக்குக்கும் முதலாளிக்கும் சம்பந்தம் இருக்குன்னு நீ கண்டுபுடிச்சது சரிதான் மாப்ள. தலைகீழாப் புடிச்சிருக்க, அவ்வளவுதான்.” சொல்லிவிட்டு நிதானம் ஆஸ்பத்திரி டாக்டருக்கு ஃபோன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டார், பதிலைக் கேட்டுத் தலையாட்டினார்.

மாலையில் ஆஸ்பத்திரி அறையில் எல்லோரும் கூடினார்கள். கட்டிலில் சாய்ந்திருந்த முதலாளிக்கு நிறம் திரும்பியிருந்தது. நர்ஸ் உள்ளே வந்ததைப் பார்த்து மகன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். “உக்காருங்க தம்பி, உங்க அப்பாவக் காப்பாத்தற பேச்சுதான் பேசப்போறோம்” என்றார் நிதானம். மாஸ்டர் கதவோரத்தில் நின்றார்.

“மாஸ்டர், அந்தக் கிண்ணத்துல என்னென்ன அளந்து வைப்பீங்க?”

“மாவு, சர்க்கரை பெரிய பாத்திரத்துல இருக்கும். சின்னக் கிண்ணத்துல சமையல் சோடா.”

“சோடா குறைஞ்சா?”

“கேக் உப்பாது.” சொன்னவர் சட்டென்று நிமிர்ந்தார். “அப்ப யாரோ எடுத்திருக்காங்களா? அடப்பாவமே, நான் என் கைய இல்ல திட்டிக்கிட்டிருந்தேன்.”

நிதானம் மகன் பக்கம் திரும்பினார். குரலில் குற்றம்சாட்டும் தொனி துளியும் இல்லை. “தம்பி, ராத்திரி அப்பாவுக்கு எரிஞ்சா குடிக்க என்ன குடுப்பீங்க?”

“தண்ணிதான்.”

“வெறும் தண்ணியா?”

“சோடாவக் கலக்கிக் குடுப்பேன். அது என்ன மருந்தா சார்? அடுப்பு முன்னாடி நின்னு வேலை பாக்கறவங்க எல்லாரும் குடிக்கறதுதான். எங்க தாத்தா குடிச்சார், அப்பா குடிச்சார். ஸ்டோர் பூட்டியிருக்கும், அதனால மாஸ்டர் வச்சிருந்த கிண்ணத்துலேர்ந்து எடுப்பேன். ஒரு ஸ்பூனு, ரெண்டு ஸ்பூனு. ரொம்ப எரிஞ்சா இன்னொரு தடவ. அவர் நிம்மதியாத் தூங்குவார்.”

நர்ஸ் கண்களை மூடிக்கொண்டாள். அவளுக்கு மீதி புரிந்துவிட்டது.

“நீங்களே சொல்லுங்கம்மா” என்றார் நிதானம்.

“இந்த மருந்துல ஒரு பங்கு சிறுநீர் வழியாத்தான் வெளிய போகணும்” என்று அவள் மெதுவாகச் சொன்னாள். “சிறுநீர்ல கொஞ்சம் புளிப்பு இருந்தாத்தான் அது நல்லா வெளியேறும். சோடா அந்தப் புளிப்ப எடுத்துடும். குடுத்த மருந்து வெளிய போக வழியில்லாம உள்ளயே நாளுக்கு நாள் சேரும். அமிலம் குறைக்கற மாத்திரை வேண்டாம்னு நான் சொன்னது இதுக்குத்தான்.”

“டாக்டரும் அதத்தான் சொன்னார்” என்றார் நிதானம். “மாத்திரை சரியாக் குடுத்தும் ரத்தத்துல அது ஏறுதுன்னா, ஒண்ணு வரவு கூடணும், இல்ல போக்கு குறையணும். ராத்திரில வயிறு எரியற ஒரு பேக்கரிக்காரர். உப்புக் கரிக்கற வெள்ளைப் படிவோட டம்ளர். அத என் மச்சினன் உயிரப் பணயம் வச்சு ருசி பாத்திருக்கான். அவர் வீட்டுல இருந்த வரைக்கும் கேக் உப்பல, ஆஸ்பத்திரிக்கு வந்ததும் உப்புச்சு. கேக்குக்குப் போக வேண்டியது அவர் வயித்துக்குப் போயிருக்கு.”

மகன் அப்படியே நின்றான். “நானா?” என்றான். “நானா சார் குடுத்தேன்? என் கையாலயா?”

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தபோது மாஸ்டர்தான் போய் அவன் தோளில் கை வைத்தார். வாரக்கணக்காகத் தன் கையைச் சந்தேகித்த மனிதருக்கு அந்த வேதனை தெரியும். மச்சினனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வில்லனைப் பிடிக்க வந்தவன், பிடிக்க ஆள் இல்லாமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

மகன் ஃபோனை எடுத்தான். நர்ஸின் ஏஜென்சி நம்பர்தான். இந்த வாரம் அவன் கத்துவதற்காகவே பலமுறை கூப்பிட்ட நம்பர்.

“நான்தாங்க பேக்கரியிலேர்ந்து பேசறேன். சிஸ்டர் மேல நான் குடுத்த புகார் தப்பு. அவங்க எல்லாம் சரியாத்தான் குடுத்தாங்க. அப்பாவுக்கு ஆகாதத குடுத்தது நான்தான். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன், எழுதிக் கேட்டாலும் தரேன்.”

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டு ஃபோனை வாங்கியது.

“அவன் அப்பா பேசறேன்” என்றார் முதலாளி. “பையன் குடுத்தான், சரி. குடுடான்னு கேட்டு வாங்கிக் குடிச்சது நான். வயித்துக்கு ஏதாவது எடுத்துக்கறீங்களான்னு அந்தப் பொண்ணு தினமும் கேக்கும். எரியுதுன்னு சொன்னா மருந்த மாத்திடுவாங்க, திரும்பப் படபடப்பு வந்துடும்னு பயந்து ஒண்ணுமில்லன்னு சொன்னதும் நான்தான். தண்டிக்கணும்னா என்னத்தான் தண்டிக்கணும். அந்தப் பொண்ணு அன்னைக்கு இல்லன்னா இத சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன்.”

ஃபோனை வைத்துவிட்டு அவர் நர்ஸின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் போர்வையைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள். பிறகு துப்பட்டாவின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டிலுக்கு அருகே வந்தாள்.

“எங்க எரியுது ஐயா? இங்கயா, இன்னும் மேலயா? மாத்திரை போட்டதும் எரியுதா, படுத்ததுக்கு அப்புறமா?”

“படுத்ததுக்கு அப்புறம்தாம்மா.”

“சரி. டாக்டர்கிட்ட இன்னைக்கே சொல்லிடறேன். சாப்பாட்டோட சேத்துக் குடுத்துப் பாக்கலாம்.” அவள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். “நாளைக்கு வீட்டுக்குப் போனதும் எனக்கு ஒரு ஃபோன் பண்ணுங்க. நான் வந்துடறேன்.”