எழுத்து இல்லை என்ற பெட்டி

மழைக்கு ஒதுங்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஒரு டீகூடக் குடிப்பதில்லை. குடையை உதறி அடுத்தவன் முகத்தில் தண்ணீர் அடிப்பார்கள். ஒரு வார்த்தை வருத்தம் சொல்ல வாய் வராது. மலையாள நாட்டுப் பழவங்காடியில் முப்பது வருஷமாக டீக்கடை போட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

2003 ஆனி மாதம் அப்படி உதறியவள் கலைச்செல்வி. பக்கத்துக் கரமனைப் பெண்பிள்ளை. என் கடைக்கு மேலே சத்தியதாஸின் கல்யாணக் கார்டு அச்சகத்தில் தமிழ் டைப் அடிக்கிறவள். நனைந்தவன் பிரவின்ராஜ், நாகர்கோவில்காரன்.

“கண்ணு தெரியாதா பிள்ளே?”

“மழையில நிக்கறவருக்கு ரெண்டு சொட்டு கூடினா என்ன குறைஞ்சு போகும்?”

“எனக்கொண்ணும் இல்ல. பையில கம்ப்யூட்டர் இருக்கு. நனைஞ்சா மாடியில சத்தியதாஸ் சார்தான் அழுவாரு. அவருக்கு வெப்சைட்டு செய்ய வந்திருக்கேன்.”

“அய்யோ... எங்க முதலாளிக்கா?”

நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண் மட்டும் சிரித்தது... மை தீட்டிய பெரிய கண். இமை நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று நின்றது. பயல் டீயை ஆறவிட்டு அதையே பார்த்தான்.

ஒரு வாரம் கழித்து மாடிக்கு டீ கொண்டு போனேன். சண்டை நடந்துகொண்டிருந்தது. கார்டு வேண்டுகிறவர்கள் எழுதி அனுப்ப வெப்சைட்டில் அவன் ஒரு பெட்டி செய்திருந்தான். அதில் இவள் தன் பெயரைத் தமிழில் அடித்திருக்கிறாள். எழுத்து ஒன்றும் இல்லை என்று இங்கிலீஷில் சிவப்பாக வந்ததாம்.

“என் பேருல எழுத்தே இல்லையா? அப்போ நான் போட்டது என்ன, கோலமா?”

“சில பேரு வெறும் புள்ளியும் நம்பருமா தட்டி விடுவான். அதுக்கு ஒரு சோதனை வச்சிருக்கேன், ரெகுலர் எக்ஸ்பிரஷன்னு பேரு. ஏ-லேருந்து இசட் வரை ஒரு எழுத்தாவது இருக்கான்னு தேடும். இல்லேன்னா வெறும் பெட்டின்னு தள்ளிரும்.”

“தமிழ் எழுத்தில்லையா?”

“அதுக்குத் தெரியாதே... கோவிக்காத. நாளைக்கு மாத்திருதேன்.”

மறுநாள் சிவப்பு வரவில்லை. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்குள் ஓட்டு இடுக்கில் மழை ஒழுகுகிற மாதிரி சத்தமில்லாமல் இறங்கியது...

ஆவணியில் அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று என் கடை வாசலில்தான் கேட்டான்.

“கலை... எனக்கு ஒன்னப் பிடிச்சிருக்கு. வீட்டுல வந்து கேக்கட்டுமா?”

அவள் தலை கவிழ்ந்தாள்.

“இப்பச் சொல்லாண்டாம். அந்தப் பெட்டியில எழுது, எனக்கும் வரும். சத்தியதாஸ் சாருக்கு அதத் திறக்கவே தெரியாது. ஒண்ணும் வரலேன்னா... பிடிக்கலேன்னு நெனச்சுக்கிடுவேன். தொந்தரவு பண்ண மாட்டேன்.”

நாலாம் நாள் அவள் எழுதி அனுப்பினாள். சிவப்பு வரவில்லை. எழுதியாச்சு, இனி அவர்தானே வரணும் என்று காத்திருந்தாள். ஐப்பசி மழையும் வந்து போனது... அவன் வரவில்லை. பெங்களூரில் அவனுக்கு வீம்பு. வேண்டாம் என்றவளிடம் நானா போய்க் கெஞ்சணும்?

மறு வருஷம் அவள் அப்பாவுக்கு நெஞ்சுவலி. கண் மூடுமுன் மகள் கழுத்தில் தாலி பார்க்கவேண்டும் என்றார். சாலைக் கடைத்தெருவில் வேலை பார்க்கும் வள்ளியூர் மாப்பிள்ளை அமைந்தது. தன் கல்யாணக் கார்டை அவளே டைப் அடித்தாள். அன்றைக்கு நான் வைத்த டீயில் ஆடை படிந்துவிட்டது.

2005 ஐப்பசியில் சத்தியதாஸ் பிரவின்ராஜுக்குப் போன் போட்டார். தமிழில் எழுதி அனுப்புகிற ஒருத்தருடைய ஆர்டர்கூட வந்து சேரவில்லை என்று ஆட்கள் சத்தம் போடுகிறார்கள், என்னவென்று பார் என்று. பார்த்தவன் அன்றைக்கே ரயில் ஏறினான்.

மறுநாள் கொட்டும் மழையில் என் கடை வாசலில் நின்றான். கல்யாணத்துக்குப் பிறகும் மாடியிலேயே வேலை பார்த்த அவள் படி இறங்கி வந்தாள்.

“அந்தச் சோதனைய ரெண்டு எடத்துல வச்சிருந்தேன் கலை. முன்னால இருந்தத எடுத்தேன். அனுப்பினது வந்து சேர்ற எடத்துல, உள்ள இருந்தத மறந்துட்டேன். தமிழ்ல வந்ததெல்லாம் வெறும் பெட்டின்னு தள்ளியிருக்கு... நீ எழுதினியா?”

“எழுதினேன்.”

“தமிழ்லயா?”

“பின்னே? அதை வேற எந்த பாஷையில எழுத?”

விரல்கள் தாலிக்கயிற்றைப் பிடித்திருந்தன.

“ஒரு வரிகூட மிச்சமில்ல. என்ன எழுதியிருந்தே?”



“சீக்கிரம் வாங்க, அப்பாகிட்ட நானே பேசுறேன்... இவ்வளவுதான். இதை எழுத எனக்கு நாலு நாள் ஆச்சு.”

அவன் முகத்தைத் துடைத்தான். மழைத்தண்ணீர் என்றே வைத்துக்கொள்வோம்.

“இப்பவும் எனக்கு நீதான் கலை.”

“எனக்கும்தான்... இனி வராதீங்க.”

அவள் படியேறினாள். அவன் என் பக்கம் திரும்பினான்.

“ஒரு வரியை மாத்தாம விட்டதுல எல்லாம் போச்சே பாட்டா!”

எனக்கு அது ஒப்பவில்லை. பெங்களூர் ரயில் இந்த ஊர் வழியாகத்தான் நாகர்கோவில் போகிறது. ரெண்டு பொங்கல், ரெண்டு தீபாவளி இவன் அதில் போயிருக்கிறான். ஸ்டேஷனிலிருந்து இங்கே பத்து நிமிஷ நடை; ஒரு தடவை இறங்கினானா?

“பெட்டியா தள்ளிச்சு?” என்று மட்டும் கேட்டேன். அவன் வாயைத் திறக்குமுன் அடுப்புப் பக்கம் நடந்துவிட்டேன்.