கதவுக்குப் பின்னால் ஒரு சாரம்

சுஜீவாவின் அம்மா புஷ்பமலருக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் போதும், அப்பா இடுப்பில் கட்டும் சாரம் காணாமல் போய்விடும். குளியலறைக் கதவின் பின்னால் அது தொங்குவதை வெளியாட்கள் பார்த்துவிட்டால் அம்மாவுக்கு மானமே போய்விடும்.

அன்று வரப்போகிறவர்கள் விருந்தாளிகள் அல்ல. வெளிநாட்டவர் அலுவலகத்து ஆட்கள்.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் பிறந்த சுஜீவா ஜெர்மன் குடிமகள். அம்மாவுக்கும் அங்கே வாழ அனுமதி இருந்தது. அப்பா பேனாட்டுக்குத்தான் இல்லை. மகளோடு ஒரே வீட்டில் இருந்து அவளை வளர்க்கிறார் என்று அலுவலகம் நம்பினால் அவர் இருக்கலாம். நம்பாவிட்டால் இலங்கைக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். அங்கே போர் நடந்துகொண்டிருந்தது. எட்டு வயது சுஜீவாவுக்கு இதெல்லாம் தெரியும். காலைச் சாப்பாட்டுக்கு வைத்த பாண் துண்டை அவள் தொடவில்லை.

பயத்தில் அம்மா வழக்கத்தைவிட அதிகமாகவே ஒதுக்கிவிட்டார். சாரம், செருப்பு, சவரச் சாமான், பல் பிரஷ் எல்லாம் ஒரு பைக்குள் புகுந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டன. அப்பாவோ தேய்த்த சட்டை போட்டு, சோபாவின் நுனியில், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வாசல் மணி அடித்தது. ஒரு பெண் அதிகாரியும் ஓர் ஆண் அதிகாரியும் உள்ளே வந்து ஒவ்வோர் அறையாகப் பார்த்தார்கள். குளியலறைக் குவளையில் இரண்டே பிரஷ்கள் இருந்தன.

"இவருடைய பொருட்கள் எங்கே?" என்று பெண் அதிகாரி கேட்டார்.

அம்மா கட்டிலைப் பார்த்தார். அப்பா பையை இழுத்துக் காட்டினார்.

"பயணப் பை போலிருக்கிறதே. நேற்றுத்தான் வந்தாரா?" என்றார் ஆண் அதிகாரி.

அப்பாவின் முகம் வெளிறியது. சுஜீவாவுக்கு அழுகை வந்தது. அழுதால் ஒன்றும் நடக்காது என்று அவளுக்குத் தோன்றியது. பையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு நடந்தாள்.

பிரஷைக் குவளையில் போட்டாள். செருப்பைப் பால்கனிக் கதவருகே வைத்தாள். கால்மிதியில் பதிந்திருந்த அச்சில் அது சரியாகப் பொருந்தியது. கடைசியாகச் சாரத்தை எடுத்தாள்.

அம்மா பதறிப்போனார். "அதை மட்டும் விடு பிள்ளை. வெளியாக்களுக்கு முன்னால வேண்டாம்."

"ஏலாது அம்மா. அது இருக்கிற இடம் இதுதானே."

அதைக் குளியலறைக் கதவின் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டு, அதிகாரிகளிடம் ஜெர்மன் மொழியில் சொன்னாள்: "யாராவது வந்தால் அம்மா வெட்கப்பட்டு இதை ஒளித்துவிடுவார். விடியவே அம்மா வேலைக்குப் போய்விடுவார். அப்பாதான் என்னை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவார். பல் துலக்கியதும் நான் இதில்தான் வாய் துடைப்பேன்."

பெண் அதிகாரி குனிந்து பார்த்தார். தொங்கிய சாரத்தில், சரியாகச் சுஜீவாவின் முகம் எட்டும் உயரத்தில், எத்தனை துவைத்தும் போகாத பற்பசைக் கறைகள் வெள்ளை வெள்ளையாக இருந்தன.

"வாய் துடைக்கத் துவாய் இருக்கிறதே?" என்று கேட்டார்.

"இருக்கிறது. இதுதான் மெத்தென்று இருக்கும்."

அவர் சிரித்தார். ஆனால் முடிவு என்னவென்று சொல்லாமல் இருவரும் போய்விட்டார்கள். அதன் பிறகு மணி அடிக்கும்போதெல்லாம் மூன்று பேருக்கும் நெஞ்சு படபடத்தது. சுஜீவா இரவில் அப்பாவின் கையை விடாமல் தூங்கினாள். பனி உருகும் காலத்தில்தான் அப்பாவுக்கு அனுமதி கிடைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துப் பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் கை பழக்கத்தில் சாரம் தொங்கிய ஆணிப் பக்கம் போனது, பிறகு வெறுமனே திரும்பி வந்தது.