கழிமுகத்தில் ஏழு பேர்

பறவைகள் எல்லாம் வீட்டைப் பார்த்து நின்றன. அதுதான் வால்டருக்கு முதலில் பிடிக்கவில்லை.

பின்னால் கடல், முன்னால் எண்ணூர் கழிமுகம், நடுவில் மணல்மேட்டில் வீடு. விடிந்தும் விடியாத அந்த நேரத்தில் தரைக்காற்று மேற்கேயிருந்து சாம்பல் வாடையையும் அழுகிய சிப்பி நாற்றத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது. நாரையோ உள்ளானோ, காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் நிற்கும். முதுகைக் கொடுத்தால் இறகு கலைந்து குளிர் ஏறிவிடும் என்று அதற்குக்கூடத் தெரியும். இவையோ காற்றுக்கு முதுகைக் கொடுத்து, இறகெல்லாம் பறக்கப் பறக்க, இருநூறு கழுத்துகளை நீட்டி வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றும் கத்தவில்லை.

வீடு அவர் கட்டியது. முப்பது வருஷம் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக் கட்டியது. மகள் ஜூடிதான் அதை, வருகிறவர்கள் தாங்களே சமைத்துச் சாப்பிட்டு, பறவை பார்த்துவிட்டுப் போகிற இடமாக மாற்றினாள். அடுப்பும் பாத்திரமும் இவர்களுடையது. அரிசி, பருப்பு வந்தவர்களுடையது. கண்டவர்களைக் கழிக்குக் கூட்டி வருவதாகக் குப்பத்தில் முணுமுணுத்தார்கள். அவர் பதிலுக்குக் கத்தினார். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. போனால் போகட்டும். மனுஷனை நம்பி எவன் பிழைத்தான்?

அடுப்படியில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. மாதவரத்திலிருந்து வந்து தங்கியிருந்த தஹ்சீன் டீச்சர் உப்புமா கிண்டினாள். ஜூடி பக்கத்தில் நின்று செருப்பைக் கழற்றி, பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா நைனா, காலைலயே மூஞ்சத் தூக்கி வெச்சுகினு கீற? டீச்சர் பயந்து ஓடிடப் போறாங்க.”

“பறவைங்க சரியில்ல. இன்னிக்குத் தண்ணில எறங்காதீங்க.”

“மனுசாளத்தான் நம்ப மாட்ட. கொக்கையுமா?”

தஹ்சீன் சிரித்துவிட்டாள். “கிட்டப் போய் ஒரே ஒரு போட்டோ, அங்கிள். அங்க ஏழு பேர் நிக்கறாங்களே. டெலஸ்கோப்புல பார்த்தேன்.”

வால்டர் மாடிக்கு ஏறி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பனிப்புகைக்குள் வரிசையாக ஏழு பேர். குனிந்த முதுகு. தண்ணீருக்குள் கை. வாயிலிருந்து ஏதோ தொங்கியது. அவருக்கு மூச்சு வந்தது. இறால் தடவுகிறவர்கள். வலை இல்லாதவர்கள் இப்படித்தான் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றை வெறுங்கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைப்பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். கழிச்சேறு ஆளை விழுங்கும். தடவுகிற ஆள் நிற்கிற இடம் மட்டும்தான் கெட்டி. இதை நம்பித்தான் அவர் சின்ன வயதில் கழியைக் கடந்தார். அவர் நம்பிய ஒரே விஷயம் அது.

கீழே வந்து அவரே சொன்னார்: “தடவறவங்க கீறாங்க. அப்ப சரி. அவங்க பின்னாலயே போ. அவங்க கால் வெச்ச எடத்துல கால் வை.”

இரண்டு பெண்களும் போனார்கள்.

அரைமணி கழித்து போன் அடித்தது. ரோஸ்மேரி. குப்பத்தில் இன்னும் அவரோடு பேசுகிற ஒரே ஆள்.

“யோவ் வால்டரு, உம்பொண்ணு கழியில எறங்கிப் போறாளாமே, அறிவு கீதா உனுக்கு? நம்ம குப்பத்து நீலமேகம் நேத்து பூட்டாரு. பொணம் இன்னும் வூட்லதான் கீது.”

“எனுக்கு யாரும் சொல்லல.”

“சொல்ல வந்தவன வாசல்லயே அசிங்கமா திட்டுவ. எவன் வருவான்?”

குப்பத்தில் சாவு விழுந்தால் அடக்கம் முடிகிறவரை ஒருவரும் கழியில் கால் வைப்பதில்லை. பாட்டன் காலத்துக் கட்டு அது. யாரும் மீறியதில்லை.

“அப்ப... தடவிகினு கீறவங்க?”

“எவங்க? ஊரே இங்க பந்தல்ல குந்திகினு கீது. ஒரு ஆளு பாக்கியில்ல.”

போனைக் கீழே போட்டுவிட்டு மாடிக்கு ஓடினார். முக்காலியில் நின்ற தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். பனி. தண்ணீர். ஒரு முதுகு. ஈரச் சேறு வழிகிற முதுகு. பக்கவாட்டில் முகம்.

பறி இல்லை.

தாடை. நெஞ்சுவரை தொங்குகிற தாடை.

தஹ்சீனைக் காணோம். அவளுடைய மஞ்சள் தொப்பி மட்டும் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. வரிசையின் கடைசியில் ஜூடி நின்றாள். நிமிர்ந்துதான் நின்றாள். உயிரோடு.

“ஜூடீ! வந்துடு! திரும்பி வந்துடு!”

அவள் அசையவில்லை.

படியில் இறங்கினார். மணல். சேறு. தண்ணீர் கணுக்காலுக்கு, முழங்காலுக்கு, தொடைக்கு. சில்லென்று இருந்தது. இருநூறு கழுத்துகளும் அவரோடு திரும்பின. அந்த ஏழு பேரையும் அவர் பார்க்கவில்லை. மகளை மட்டும் பார்த்து நடந்தார். ஒரு கை தூரம்.

“நைனா வந்துட்டேன்மா. வா. வூட்டுக்குப் போலாம்.”

ஜூடி மெதுவாகக் குனிந்தாள். இரண்டு கைகளும் தண்ணீருக்குள் போயின. முழங்கைவரை. தோள்வரை.

அவருடைய காலில் ஏதோ பட்டது.

பிடிக்கவில்லை. தடவியது.

இறாலைச் சட்டென்று பிடிக்கக்கூடாது. துள்ளிவிடும். மெல்லத் தடவவேண்டும். வால் எது, தலை எது என்று விரலுக்குத் தெரியவேண்டும். பிறகுதான் அமுக்கவேண்டும்.

விரல்கள். குதிகால். பெருவிரல். அடுத்த விரல். அதற்கடுத்தது. எண்ணுவதுபோல. தடவுகிற கையில் ஒரு மோதிரம் உறுத்தியது. ஜூடியின் கல்யாணத்துக்கு அவர் போட்ட மோதிரம்.

“ஜூடி...”

அவள் முகத்தைத் தூக்கினாள். வாய் திறந்தது. திறந்துகொண்டே இருந்தது.

கைகள் முழங்காலைத் தாண்டின. தொடை. இடுப்பு. அவசரமில்லை. தலை எங்கே என்று தேடி, மெல்ல, மேலே ஏறின.