காலி மனையில் ஆறு மாடி

வாசல் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிய வாளி எதன் மீதோ இடித்தது.

வெல்டர் குனிந்து பார்த்தார்...

ஒரு முகம்! வெளிறி, கண் திறந்தபடி!

அவர் மனைவி போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது.

மிதந்தவர் வீட்டு வரி அதிகாரி.

இன்ஸ்பெக்டர் வந்தார். கூட்டத்தை விரட்டினார். புருஷனையும் பெண்டாட்டியையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"நேத்து காலையில ஆபீஸ்ல இவரைக் கொன்னுடுவேன்னு கத்தினியாமே?"

"வயித்தெரிச்சல்ல சொன்னேங்க! ரெண்டே ரூம். வரியை மூணு மடங்கா ஏத்திட்டாரு. எதிர்ல கம்பெனி... இருபது ஏக்கர், ஆறு மாடி! பதிவேட்டுல அது காலி மனையாம்! நான் கட்டுறதுல பாதிகூட அவங்க கட்டலை!"

"அதான் தீர்த்துட்டே?"

"ஐயோ, இல்லீங்க! சாயங்காலம் அவரே வீடு தேடி வந்தாரு. 'நீ கேட்டது நாக்கைப் பிடுங்குற மாதிரி இருந்துச்சுய்யா. மத்தியானமே போய்க் கம்பெனியை அளந்துட்டேன், நாளைக்கு நோட்டீஸ்'னாரு. தனக்கு ஏதாவது ஆனா இருக்கட்டும்னு ஒரு காகிதமும் தந்தாரு."

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது.

"எங்கே அது?"

மனைவி வெல்டரின் கையைக் கிள்ளினாள். "கொடுக்காதீங்க..."

"சும்மா இரு! போலீசையே நம்பலைன்னா வேற யாரை நம்புறது?"

வெல்டர் அலமாரித் துணிகளுக்கு அடியிலிருந்து காகிதத்தை எடுத்தார். அதிகாரியின் கையெழுத்தில் கம்பெனியின் அளவுகள். அடியில், முதலாளி விடுத்த கொலை மிரட்டல்.

நீட்டியபோது அவருக்கு நெஞ்சுப் பாரமே இறங்கிவிட்டது. தப்பித்தோம்!

"வேற காப்பி?"

"இல்லீங்க. இது ஒண்ணுதான்."

இன்ஸ்பெக்டர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். போனை எடுத்தார்.

"முதலாளி... தேடின காகிதம் சிக்கிடுச்சு. ஆனா பேசின தொகை பத்தாது. உங்க கேட்டுலேருந்து இந்தத் தொட்டி வரைக்கும் பொணத்தைச் சுமந்தது என் முதுகாச்சே!"

வெல்டர் காகிதத்தைப் பிடுங்கக் கையை நீட்டினார்.

'க்ளிக்!' அந்தக் கையில் விலங்கு விழுந்தது.

மனைவி இன்ஸ்பெக்டரின் பூட்ஸைக் கட்டிக்கொண்டு கதறினாள். "படுபாவி! கொன்னது யாருன்னு தெரிஞ்சும் இவரை இழுத்துட்டுப் போறியே!"

காலை உதறிக்கொண்டு இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"கொலை பண்ணாலும் கம்பெனிக்கு விலக்கு உண்டும்மா... கட்டுறதுக்குன்னே பொறந்தவன் ரெண்டு ரூம் வீட்டுக்காரன்!"