செவ்வாய்க்குக் கட்டிய அறை

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் சப்பான்காரன் லாரி பக்கத்துத் தோட்டத்துக்கு வந்துவிட்டது என்று காலையில் சேதி கிடைத்தது. பால்மரம் சீவும் அர்ச்சுனனும் அவன் மனைவி நீலாவதியும் கட்டியிருந்த துணியோடு லயத்து வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். மலாயாவில் லிங்கி ஆற்றோரத்து ரப்பர் தோட்டம் அது. 1943ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். மேலே குன்றில் வெள்ளைக்காரத் துரையின் பங்களா இருந்தது. சப்பான்காரன் வருவதற்கு முன்பே துரை சிங்கப்பூருக்கு ஓடிவிட்டார். பழைய சமையல்காரி பஞ்சாலை மட்டும் அங்கே தனியாக இருந்தாள்.

அவள் கேள்வி எதுவும் கேட்காமல் கதவைத் திறந்தாள். அவித்த மரவள்ளிக்கிழங்கு கொடுத்தாள். பிறகு பின்பக்கம் அழைத்துப்போய் அந்த அறையைக் காட்டினாள்.

பின் வராந்தாவை ஒட்டிச் சிமெண்டுத் தரையில் நின்றது அது. சுவரும் கூரையும் தடித்த கண்ணாடி. இடுக்குகளில் எல்லாம் தார் பூசியிருந்தது. இரும்புக் கதவைச் சுற்றித் தோட்டத்து ரப்பரையே பட்டையாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான் இடம். மற்றதெல்லாம் தட்டுத் தட்டாக மண்ணும் செடியும். தண்ணீர் ஊற்றி இரண்டு வருடம் ஆகியும் உள்ளே இலைகள் கரும்பச்சையாக இருந்தன. கண்ணாடியின் உட்புறம் வியர்த்து வழிந்துகொண்டிருந்தது.

துரை குழாய் வைத்து வானம் பார்ப்பவர் என்று பஞ்சாலை சொன்னாள். அந்தியில் கிழக்கே சிவப்பாக ஏறுகிறதே செவ்வாய், அங்கே ஒரு காலத்தில் மனிதர்கள் போய்க் குடியிருப்பார்கள் என்பாராம். அங்கே மூச்சு விடக் காற்று கிடையாது, வெளியே போனால் சாவு. செடி விடும் காற்றை வைத்தே அடைத்த அறைக்குள் பிழைக்க வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்கத்தான் இதைக் கட்டினாராம்.

யாரை வைத்துச் சோதித்தார் என்று நீலாவதி கேட்டாள்.

கீழே லாரி சத்தம் கேட்டது.

ஓட நேரமில்லை. அர்ச்சுனன் அந்த அறைக்குள் புகுந்து செடிகளுக்கு நடுவே படுத்தான். பஞ்சாலை ஒரு கணம் தயங்கினாள். பிறகு கதவை இழுத்து மூடிப் பிடியைத் திருகினாள். அந்தக் கதவுக்கு உள்பக்கம் பிடியே இல்லை என்பதை நீலாவதி அப்போதுதான் பார்த்தாள்.

நான்கு சிப்பாய்களும் ஒரு மலாய்க்கார மொழிபெயர்ப்பாளரும் வந்தார்கள். அறை அறையாகத் தேடிக் கடைசியில் கண்ணாடி அறைக்கு முன் வந்து நின்றார்கள். பஞ்சாலை மூக்கைப் பொத்திக்கொண்டு, "கொலரா" என்றாள். காலராவில் செத்தவனை உள்ளே வைத்து அடைத்திருக்கிறோம் என்று மலாயில் சொன்னாள்.

சிப்பாய்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். ஒருவன் மட்டும் கழுத்தை நீட்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டான்.

மொழிபெயர்ப்பாளர் பஞ்சாலையிடம் திரும்பினார். "டுவா ஓராங்?"

இரண்டு பேரா என்று கேட்கிறார்.

பஞ்சாலையின் முகம் வெளுத்தது. மெல்லத் தலையாட்டினாள். ஆமாம், இரண்டு பேர்.

அவர்கள் போயிருப்பார்கள். ஆனால் மழை பிடித்துக்கொண்டது. மண்சாலையில் லாரி இறங்காது, அடைத்த அறையும் பின்பக்கம்தானே என்று முன் வராந்தாவிலேயே தங்கிவிட்டார்கள். இரண்டு பெண்களும் அவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டார்கள். வானம் மூடியே கிடந்தது. பகலிலேயே விளக்கு வைக்க வேண்டியிருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் பின்பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது.

டக். டக். டக்.

கொஞ்சம் இடைவெளி.

டக். டக். டக்.

நீலாவதி எழுந்தாள். கதவைத் திறந்தால் அவனுக்குச் சயாம். திறக்காவிட்டால் மூச்சுமுட்டிச் சாவு. சயாமுக்குப் போனாலும் உயிரோடாவது இருப்பான் என்று நினைத்தாள். பஞ்சாலை அவள் கையைப் பிடித்து அடுப்படியிலேயே உட்கார வைத்தாள்.

"அது உன் புருஷன் இல்ல புள்ள."

பிறகு காதோடு காதாகச் சொன்னாள். தோட்டத்தில் புல் வெட்டும் வெளிக்காட்டு வேலைக்காரன் வீரமுத்துவைத்தான் துரை உள்ளே வைத்தார். முதலில் மூன்று நாள், அடுத்து ஏழு நாள், நன்றாகத்தான் இருந்தான். மூன்றாம் முறை பதினைந்து நாள் என்று அடைத்துவிட்டுத் துரை சிரம்பானுக்குப் போய்விட்டார். தான் வரும்வரை கதவைத் தொடக்கூடாது என்று உத்தரவு. மழை வந்து மூன்று நாள் வெயிலே இல்லை. வெயில் இல்லாவிட்டால் செடி காற்றைக் கொடுக்காது. அது அப்போது அவளுக்குத் தெரியாது. ஒன்பதாம் நாள் அவன் தட்டத் தொடங்கினான்.

"நான் இங்கதான் உக்காந்திருந்தேன். தொறந்தா தொரை வெரட்டிடுவாருன்னு பயம். ராத்திரி பூரா தட்டினான். விடியறப்ப நின்னுபோச்சு. தொரை வந்தப்புறந்தான் பொணத்த எடுத்துப் பொதச்சாங்க."

மழையோடு அந்தச் சத்தமும் இரவெல்லாம் கேட்டது. வாசலில் காவலிருந்த சிப்பாய்க்கு அது கேட்டதாகவே தெரியவில்லை. நீலாவதி புடவை முந்தானையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

கிழக்கு வெளுக்கும்போது சத்தம் நின்றது.

இருவரும் காத்திருந்தார்கள். அடுத்த தட்டு வரவில்லை.

பஞ்சாலை எழுந்தாள். "இந்தத் தடவ தொறந்துடுறேன்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பின் வராந்தாவுக்கு நடந்துபோய் இரும்புப் பிடியைத் திருகினாள். ரப்பர் பட்டை பிரியும்போது அறை நீளமாகப் பெருமூச்சு விட்டது. அழுகிய இலையும் பழைய வியர்வையும் கலந்த வாடை பங்களா முழுக்கப் பரவியது.

சிப்பாய்கள் விழித்துக்கொண்டார்கள். திறந்து கிடந்த கதவைப் பார்த்ததும் ஒருவன் கத்தினான். வாயையும் மூக்கையும் துணியால் பொத்திக்கொண்டு நால்வரும் மழையிலேயே லாரிக்கு ஓடினார்கள். மொழிபெயர்ப்பாளர் செருப்பை விட்டுவிட்டுப் போனார்.

அர்ச்சுனன் இலைகளுக்குள் முகத்தைப் புதைத்துக் கிடந்தான். நீலாவதி புரட்டிப் போட்டதும் கண் திறந்தான். தண்ணீர் கேட்டான். நிதானமாக உட்கார்ந்து குடித்தான்.

"எவ்வளவு நேரம்யா தட்டின" என்று நீலாவதி அழுதாள்.

"நான் தட்டவே இல்லையே. உள்ள இருந்த அண்ணந்தான் தட்டினாரு. என்னை அசையாதேன்னு சொன்னாரு. எலை பக்கத்துல மூஞ்சிய வச்சுக்கோ, சின்னச் சின்ன மூச்சா எடு, பேசாதேன்னாரு. ஒம்போது நாள்ல அதெல்லாம் கத்துக்கிட்டாராம்."

பஞ்சாலை தரையில் உட்கார்ந்துவிட்டாள். கதவைத் திறக்காத தன்னைப் பற்றி வீரமுத்து எதுவும் சொன்னானா என்று கேட்டாள்.

அர்ச்சுனன் யோசித்தான். "இல்லக்கா. கதவு தொறந்தா என்னையும் கூட்டிட்டுப் போயிடுன்னு மட்டும் கேட்டாரு. சரின்னேன்."

அறைக்குள் நேற்றுவரை கரும்பச்சையாக இருந்த செடிகள் ஒன்றுவிடாமல் சருகாகியிருந்தன.

அன்று மத்தியானம் மழை விட்டது. அர்ச்சுனன் அடுக்களையில் பாயைப் போட்டு அசந்து தூங்கினான். நீலாவதி அவன் பக்கத்தில் படுத்தாள். ஆள் பிழைத்ததை இன்னும் நம்ப முடியாமல் அவன் மூக்கின் அருகே கையை வைத்துப் பார்த்தாள்.

மூச்சு சூடாக வெளியே வந்து அவள் விரலில் பட்டது.

அது வந்துகொண்டிருக்கும்போதே, அவன் நெஞ்சுக்குள் இன்னொரு மூச்சு, சின்னதாக, சிக்கனமாக, உள்ளே போய்க்கொண்டிருந்தது.